கணினிக்கு ஐபி முகவரி தானாகக் கிடைக்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

கேபிள் செருகியிருக்கிறது, அல்லது வைஃபை இணைந்திருக்கிறது. ஆனாலும் ஒரு பக்கமும் திறக்கவில்லை. விண்டோஸின் பழுது கண்டறியும் கருவியை ஓட்டினால், ஈதர்நெட்டுக்குச் சரியான ஐபி அமைப்பு இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. இந்த இடத்தில் பலரும் எங்கோ படித்த ரீசெட் கட்டளைகளை வரிசையாக அடிக்கிறார்கள். பலிக்காவிட்டால் விண்டோஸைப் புதிதாக ஏற்றுகிறார்கள். நன்றாக இருந்த நெட்வொர்க் கார்டைக் கழற்றிவிட்டு வேறு கார்டுக்குக் காசு கொடுத்தவர்களும் உண்டு. பழுது ரவுட்டரில் இருந்தால், கணினியில் செய்யும் எந்த வேலையும் அதைத் தீர்க்காது. அதனால் எதையும் மாற்றுவதற்கு முன், கணினி இப்போது என்ன முகவரியை வைத்திருக்கிறது என்று பாருங்கள். பழுது எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

முகவரி எப்படி வருகிறது

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. அதைத் தானாகக் கொடுக்கும் முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். 1993இல் தரநிலையாக வந்தது. இன்று புழக்கத்தில் இருக்கும் வடிவத்துக்கு அடிப்படை 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2131 (ஆர்எஃப்சி என்பது இணையத் தரநிலை ஆவணம்). வீட்டில் இந்த வேலையை ரவுட்டர் பார்த்துக்கொள்கிறது. கல்லூரியிலும் பெரிய அலுவலகத்திலும் தனி சர்வர் இருக்கும்.

நான்கு செய்திகளில் காரியம் முடிந்துவிடும். முகவரி இல்லாத கணினி, 'முகவரி கொடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா' என்று அந்த நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி குரல் கொடுக்கும். அது டிஸ்கவர். 'இந்த எண் காலியாக இருக்கிறது, வேண்டுமா' என்று சர்வர் கேட்பது ஆஃபர். 'சரி, அதையே கொடுங்கள்' என்று கணினி சொல்வது ரிக்வெஸ்ட். 'வைத்துக்கொள், இத்தனை நேரத்துக்கு' என்று சர்வர் முடித்துவைப்பது அக்னாலெட்ஜ். சர்வர் யுடிபி 67ஆம் போர்ட்டிலும் (இங்கே போர்ட் என்பது செய்தி வந்து சேரும் எண்ணிட்ட வாசல், கேபிள் செருகும் துளை அல்ல) கணினி 68ஆம் போர்ட்டிலும் காது கொடுத்துக்கொண்டிருக்கும்.

இதில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி தேவைப்படும். ஒன்று, கணினியின் முதல் குரல் ரவுட்டரைத் தாண்டி அடுத்த நெட்வொர்க்குக்குப் போகாது. சர்வர் வேறு நெட்வொர்க்கில் இருந்தால் நடுவில் யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, கிடைக்கும் முகவரிக்கு ஒரு கெடு உண்டு. அதை லீஸ் என்கிறோம். பாதிக் கெடு கழிந்ததும் கணினி அதே சர்வரிடம் நீட்டிப்புக் கேட்கும். பதில் இல்லையென்றால், 87.5 சதவீதம் கழிந்தபின் எந்த சர்வர் பதில் சொன்னாலும் போதும் என்று பொதுவாகக் கேட்கும்.

முதலில் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகள்

கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக் /ஆல்' என்று கொடுங்கள். (கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன், தட்டச்சு செய்வது ஆங்கில எழுத்தில்தான்.) நிறைய வரிகள் வரும், பயப்பட வேண்டாம். நீங்கள் பயன்படுத்தும் அடாப்டரின் (நெட்வொர்க் கார்டின்) பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு அதில் ஐபிவி4 முகவரி, டிஎச்சிபி எனேபிள்ட், டிஎச்சிபி சர்வர், டீஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசல், வீட்டில் ரவுட்டரின் முகவரி) ஆகிய நான்கு வரிகளைப் பாருங்கள். விர்ச்சுவல்பாக்ஸ், விபிஎன் போன்றவை நிறுவியிருந்தால் அவற்றின் அடாப்டர்களும் பட்டியலில் இருக்கும். அவற்றின் எண்ணைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள்.

இரண்டாவது, இன்னொரு கருவியை அதே வழியில் இணைத்துப் பாருங்கள். 'அதே வழி' என்பது முக்கியம். கணினி கேபிளில் இருக்கும்போது, ஃபோனில் வைஃபை வேலை செய்கிறதே என்று முடிவுக்கு வர முடியாது. கணினியில் செருகியிருந்த அதே கேபிளை எடுத்து ஒரு லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். லேப்டாப்புக்கு முகவரி கிடைத்தால் பழுது உங்கள் கணினியில். அதற்கும் கிடைக்காவிட்டால் கேபிள், ஸ்விட்ச் (பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி), ரவுட்டர் பக்கம். இந்த ஒரு சோதனை பாதித் தேடலை மிச்சப்படுத்திவிடும்.

அறிகுறி: 'மீடியா டிஸ்கனெக்டட்'

இது டிஎச்சிபி பழுதே இல்லை. கணினிக்கும் மறுமுனைக்கும் இடையே இணைப்பே ஏற்படவில்லை. கேபிள் செருகும் போர்ட்டில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். கேபிளை மாற்றுங்கள், ரவுட்டரில் வேறு போர்ட்டில் செருகுங்கள். அடாப்டர் டிசேபிள் ஆகியிருந்தால் எனேபிள் செய்யுங்கள். அவ்வளவுதான்.

அறிகுறி: 'டிஎச்சிபி எனேபிள்ட்' வரியில் 'நோ'

யாரோ முகவரியைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய அலுவலகத்திலோ, கேமரா ரெக்கார்டரையோ புது ரவுட்டரையோ அமைப்பதற்காகவோ போட்டது அப்படியே நின்றுவிட்டிருக்கும். இந்த நிலையில் 'ஐபிகான்ஃபிக் /ரென்யூ' கொடுத்தால், அந்த வேலைக்கு ஏற்ற நிலையில் எந்த அடாப்டரும் இல்லை என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வரும். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இண்டர்நெட் வழியாகப் போய் ஐபி அசைன்மெண்ட் என்ற இடத்தில் எடிட் அழுத்தி ஆட்டோமேட்டிக் என்று மாற்றுங்கள். டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) வரியும் தானியங்கியில் இருக்கிறதா என்று அப்படியே பார்த்துவிடுங்கள். முகவரியை மாற்றிவிட்டு டிஎன்எஸ்ஸை மறந்துவிடுவது வழக்கமாக நடக்கிறது.

அறிகுறி: முகவரி 169.254 என்று தொடங்குகிறது

அதிகம் பார்க்கக் கூடியது இதுதான். சப்நெட் மாஸ்க் (முகவரியின் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் எண்) 255.255.0.0 என்றும் கேட்வே வரி காலியாகவும் இருக்கும். இந்த எண்ணை யாரும் கொடுக்கவில்லை. கணினி கேட்டுப் பார்த்து, பதில் வராததால் தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டது. விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது; 2005இல் ஆர்எஃப்சி 3927 இதை முறைப்படுத்தியது. ஒரே ஸ்விட்ச்சில் இப்படி இரண்டு கணினிகள் இருந்தால் அவை ஒன்றுக்கொன்று கோப்புகளை அனுப்பிக்கொள்ள முடியும். ஆனால் கேட்வே இல்லாததால் இணையம் வராது. மேக் கணினியில் இதே நிலையை 'செல்ஃப் அசைன்ட் ஐபி' என்று காட்டும். ஆண்ட்ராய்டு ஃபோன் 'ஐபி முகவரியைப் பெறுகிறது' என்ற வரியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த எண்ணைப் பார்த்ததும் தெளிவாகும் ஒரு விஷயம், கணினியின் நெட்வொர்க் கார்டு உயிரோடு இருக்கிறது என்பது. இணைப்பும் ஏற்பட்டிருக்கிறது. போகாதது அந்த நான்கு செய்திகளில் ஏதோ ஒன்று.

இப்போது ஒரு சோதனை. ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்று உங்களுக்குத் தெரியும் என்றால், கணினிக்குக் கையால் 192.168.1.250, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 என்று கொடுங்கள். 250ஐ வேறு எந்தக் கருவியும் பயன்படுத்தவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு 'பிங் 192.168.1.1' கொடுத்துப் பாருங்கள். பிங் என்பது மறுமுனை பதில் சொல்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை. பதில் வந்தால் கேபிள், கார்டு, டிரைவர், ஸ்விட்ச் எல்லாம் நலம். டிஎச்சிபி மட்டும்தான் கோளாறு. பதில் வராவிட்டால் டிஎச்சிபியைத் தேடிப் பயனில்லை, அதற்குக் கீழே ஏதோ உடைந்திருக்கிறது. சோதனை முடிந்ததும் மறுபடி ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றிவிடுங்கள். வேலை செய்கிறதே என்று அப்படியே விடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். உண்மையான பழுது அங்கேயே இருக்கும். அடுத்து வரும் ஆளுக்கு இணையம் கிடைக்காது. லேப்டாப்பாக இருந்தால் வேறு இடத்துக்குக் கொண்டுபோனதும் அங்கேயும் சிக்கல்.

உங்கள் கணினிக்கு மட்டும் 169.254 என்றால், முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயக்கத்தில் இருந்தால், ஷட்டவுன் செய்யும்போது கர்னலும் டிரைவர்களும் இருந்த நிலை வட்டில் சேமிக்கப்பட்டு மறுபடி அப்படியே எழும்பும். சிக்கிக்கொண்ட டிரைவர் சிக்கிக்கொண்டபடியே வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும்.

அதிலும் வராவிட்டால், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில் 'ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்', பிறகு 'ஐபிகான்ஃபிக் /ரென்யூ'. இங்கே வரும் பிழைச்செய்தியை நிதானமாகப் படியுங்கள். டிஎச்சிபி சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, நேரம் கடந்துவிட்டது என்றால் கணினி கேட்டது, பதில் வரவில்லை. குறிப்பிட்ட கோப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னால், பெரும்பாலும் கணினி கேட்கவே இல்லை, ஏனென்றால் டிஎச்சிபி கிளையண்ட் சர்வீஸ் ஓடவில்லை. 'சர்வீசஸ்.எம்எஸ்சி' திறந்து அந்த சர்வீஸ் ரன்னிங் என்றும், தொடங்கும் முறை ஆட்டோமேட்டிக் என்றும் இருக்கிறதா பாருங்கள். 'வேகமாக்கும்' மென்பொருள்கள் இதுபோன்ற சர்வீஸ்களை நிறுத்திவைப்பதுண்டு.

சர்வீஸ் ஓடியும் பதில் வரவில்லை, ஆனால் அதே கேபிளில் லேப்டாப்புக்கு வருகிறது என்றால் என் சந்தேகம் முதலில் போவது ஆன்டிவைரஸ், ஃபயர்வால், விபிஎன் மென்பொருள்கள் மேல். இவை நெட்வொர்க் கார்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் ஒரு வடிகட்டியை வைக்கின்றன. மென்பொருளை நீக்கிய பிறகும் வடிகட்டி மிஞ்சிவிடுவது உண்டு. 'என்சிபிஏ.சிபிஎல்' திறந்து, அடாப்டரின் ப்ராபர்ட்டீஸில் வரும் பட்டியலைப் பாருங்கள். முன்பு வைத்திருந்த ஆன்டிவைரஸின் பெயரில் ஒரு வரி இருந்தால் அதன் டிக்கை எடுத்துவிட்டு முயலுங்கள். பல ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் மிச்சத்தைத் துடைப்பதற்கென்றே தனிக் கருவி தருகின்றன. அதைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது.

அடுத்தது ரவுட்டரின் மேக் ஃபில்டர். இங்கே மேக் என்பது ஆப்பிள் கணினி அல்ல, ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள அடையாள எண்ணான மேக் அட்ரஸ். அனுமதித்த கருவிகளை மட்டும் உள்ளே விடும்படி யாராவது அமைத்திருந்தால், புதுக் கணினி தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு நிற்கும். ஃபோன்களில் இது இன்னும் சிக்கல். ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் ஒவ்வொரு வைஃபைக்கும் உண்மையான மேக் அட்ரஸுக்குப் பதிலாக வேறொன்றைக் காட்டுவது இயல்பான அமைப்பாகிவிட்டது. கருவியின் ஸ்டிக்கரில் இருந்ததைப் பார்த்து ரவுட்டரில் எழுதியிருந்தால் அது பொருந்தாது.

இத்தனைக்கும் பிறகுதான் ரீசெட் கட்டளைகள்: 'நெட்எஸ்ஹெச் வின்சாக் ரீசெட்', 'நெட்எஸ்ஹெச் இன்ட் ஐபி ரீசெட்', பிறகு ஒரு ரீஸ்டார்ட். இவை கையால் போட்ட முகவரிகளையும் அழித்துவிடும் என்பதால், முன்பு எடுத்த 'ஐபிகான்ஃபிக் /ஆல்' பட்டியலைச் சேமித்து வைத்துவிட்டு ஓட்டுங்கள். கடைசியாக, டிவைஸ் மேனேஜரில் அடாப்டரை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யலாம். டிரைவரை முன்கூட்டியே வேறு கணினியில் இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்வது அவசியம், ஏனென்றால் இந்தக் கணினியில் இணையம் இல்லை.

எல்லாக் கருவிகளுக்கும் 169.254 என்றால் கணினிகளை விட்டுவிடுங்கள். ரவுட்டரின் மின்சாரத்தைத் துண்டித்து, சற்றுப் பொறுத்து மறுபடி கொடுங்கள். சரியாகாவிட்டால், மேலே சொன்னபடி ஒரு கணினிக்குக் கையால் முகவரி கொடுத்து ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், டிஎச்சிபி சர்வர் எனேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் இப்படி என்றால், அந்தப் பகுதியின் விலேனைப் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்கை) பாருங்கள். புதிதாக விலேன் உருவாக்கியவர் டிஎச்சிபி ரிலே (நடுவில் குரலை எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு) அமைக்க மறந்திருந்தால், வேறு நெட்வொர்க்கில் இருக்கும் சர்வருக்கு அங்கிருந்து எந்தக் குரலும் போய்ச் சேராது.

அறிகுறி: காலையில் வருபவர்களுக்குக் கிடைக்கிறது, பிறகு வருபவர்களுக்குக் கிடைப்பதில்லை

இப்படிச் சொன்னாலே முகவரிகள் தீர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். டியூஷன் சென்டர், கிளினிக், கல்யாண மண்டபம் போல ஆட்கள் வந்து போகும் இடங்களில் இது வழக்கம். ரவுட்டரில் 192.168.1.100 முதல் 192.168.1.149 வரை என்று வைத்திருந்தால் கொடுப்பதற்கு இருப்பது 50 எண்கள்தான். லீஸ் 24 மணி நேரம் என்றால், பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனவரின் ஃபோனுக்குக் கொடுத்த எண்ணும் ஒரு நாள் முழுக்க அவர் பெயரில் இருக்கும். சாவியைக் கொடுக்காமல் போய்விட்டவரின் லாட்ஜ் அறை மாதிரி, உள்ளே ஆள் இல்லை, ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கவும் முடியாது.

ரவுட்டரின் டிஎச்சிபி கிளையண்ட் பட்டியலைத் திறந்து எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். வரம்பை 192.168.1.20 முதல் 192.168.1.250 வரை என்று விரித்தால் 231 எண்கள் கிடைக்கும். 20க்குக் கீழே உள்ளவற்றைப் பிரிண்டருக்கும் கேமராவுக்கும் ஒதுக்கிக்கொள்ளலாம். ஆட்கள் வந்து போகும் இடத்தில் லீஸைக் குறைப்பது அதைவிட முக்கியம். இரண்டு மணி நேரம் தாராளம். நாள்தோறும் மேக் அட்ரஸை மாற்றும்படி ஒரு விருப்பம் விண்டோஸ் வைஃபையில் உண்டு. அதை இயக்கிய லேப்டாப் ஒவ்வொரு நாளும் புது ஆளாக வந்து புது எண்ணைக் கேட்கும். லீஸ் நீளமாக இருக்கும் அலுவலகத்தில் இதையும் கவனியுங்கள்.

ரவுட்டரை அணைத்துப் போட்டால் இந்தப் பழுது தற்காலிகமாகத் தீர்ந்ததுபோல் தெரியும், ஏனென்றால் பல ரவுட்டர்கள் அப்போது கொடுத்த கணக்கை மறந்துவிடுகின்றன. ஆனால் அந்தக் கணக்கை மறந்த ரவுட்டர், ஏற்கெனவே ஒருவர் வைத்திருக்கும் எண்ணை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுக்கக்கூடும்.

அறிகுறி: முகவரி கிடைக்கிறது, ஆனால் வேறு வரிசையில்

மற்ற கணினிகள் எல்லாம் 192.168.1 வரிசையில் இருக்க, உங்களுக்கு மட்டும் 192.168.0 வரிசையில் ஒரு எண் வந்திருக்கிறது. இணையம் வரவில்லை, அல்லது வந்து வந்து போகிறது. நெட்வொர்க்கில் இரண்டாவது ஒரு டிஎச்சிபி சர்வர் புகுந்துவிட்டது. வைஃபை எட்டாத அறைக்காக யாரோ பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து அதன் லேன் போர்ட்டில் கேபிளைச் செருகியிருப்பார்கள். இரண்டு ரவுட்டர்களும் ஆஃபர் அனுப்பும். எது முந்துகிறதோ அது கணினியைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு நாள் சரியாகவும் மறுநாள் தவறாகவும் வருகிறது.

'ஐபிகான்ஃபிக் /ஆல்' பட்டியலில் டிஎச்சிபி சர்வர் வரியைப் பாருங்கள். எண் கொடுத்தவரின் முகவரி அங்கே இருக்கும். அந்த முகவரியை ஒருமுறை பிங் செய்துவிட்டு 'ஏஆர்பி -ஏ' கொடுத்தால் அதன் மேக் அட்ரஸ் கிடைக்கும். மேக் அட்ரஸின் முதல் ஆறு இலக்கங்கள் தயாரித்த நிறுவனத்தைச் சொல்லும். அந்த நிறுவனத்தின் பெட்டி எந்த அறையில் இருக்கிறது என்று தேடிப் போகலாம். வந்த எண் 192.168.137 என்று தொடங்கினால் பெட்டியைத் தேட வேண்டாம். அது ஒரு விண்டோஸ் கணினி தன் இணைப்பைப் பகிரும்போது கொடுக்கும் வரிசை. யாரோ இண்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங்கை இயக்கிவிட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது ரவுட்டர் தேவைதான் என்றால் அதை ஆக்ஸஸ் பாயிண்ட் முறைக்கு (முகவரி கொடுக்காமல் வைஃபை மட்டும் தரும் முறைக்கு) மாற்றுங்கள். அந்த முறை இல்லாவிட்டால் அதன் டிஎச்சிபியை நிறுத்தி, முதல் ரவுட்டரின் வரிசையிலேயே, அது கொடுக்கும் வரம்புக்கு வெளியே ஒரு எண்ணை அதற்குக் கொடுங்கள். கல்லூரி லேப் போன்ற இடங்களில் ஸ்விட்ச்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கை இயக்கிவிட்டால், நம்பகமான போர்ட் தவிர வேறெங்கிருந்து ஆஃபர் வந்தாலும் ஸ்விட்ச்சே அதைத் தடுத்துவிடும். இதை இயக்கும்போது உண்மையான சர்வரின் போர்ட்டை நம்பகமானது என்று குறிக்க மறந்தால் யாருக்குமே முகவரி வராது.

அறிகுறி: கணினியைப் போட்டதும் வருவதில்லை, சற்று நேரம் கழித்து வருகிறது

மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்புகளை மாற்றக் கூடிய ஸ்விட்ச்) உள்ள இடங்களில் மட்டும் இதைச் சந்தேகிக்கலாம். கேபிள் இணைந்ததும் பழைய ஸ்பானிங் ட்ரீ முறை, கேபிள்கள் சுற்றிவந்து இணையும் வளையம் எதுவும் இல்லை என்று உறுதி செய்ய 15 வினாடி கேட்கிறது, 15 வினாடி கற்கிறது. அந்த 30 வினாடியில் கணினி கொடுக்கும் குரலை ஸ்விட்ச் முன்னே அனுப்புவதில்லை. கணினிகள் செருகும் போர்ட்டுகளுக்கு மட்டும் போர்ட்ஃபாஸ்ட் அல்லது எட்ஜ் போர்ட் என்ற அமைப்பைப் போடச் சொல்லுங்கள். வேறு ஸ்விட்ச் இணையும் போர்ட்டில் போடக் கூடாது.

அறிகுறி: முகவரி மோதல் என்ற செய்தி

கையால் எண் கொடுத்த பிரிண்டரோ கேமராவோ, ரவுட்டர் கொடுக்கும் வரம்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதை வரம்புக்கு வெளியே மாற்றுங்கள். இன்னும் நல்லது, ரவுட்டரிலேயே அந்தக் கருவியின் மேக் அட்ரஸுக்கு ஒரு எண்ணை ரிசர்வ் செய்துவிட்டு, கருவியைத் தானியங்கியில் விட்டுவிடுவது.

லினக்ஸில் இதற்கு ஒரு தனி வடிவம் உண்டு. உபுண்டு சர்வரின் விர்ச்சுவல் மெஷினை நகல் எடுத்து இரண்டாக்கினால், மேக் அட்ரஸ் வேறாக இருந்தும் இரண்டுக்கும் ஒரே முகவரி வருவதைப் பார்க்கலாம். சிஸ்டம்டி (அங்கே நெட்வொர்க் உள்ளிட்ட சேவைகளை நடத்தும் மென்பொருள்) தன்னை அறிமுகம் செய்துகொள்வது மேக் அட்ரஸை வைத்து அல்ல, மெஷின் ஐடியிலிருந்து (நிறுவலுக்கென உள்ள அடையாள எண்ணிலிருந்து) உருவாக்கிய அடையாளத்தை வைத்து. நகலில் மெஷின் ஐடியைப் புதிதாக உருவாக்குங்கள், அல்லது நெட்பிளான் கோப்பில் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கோப்பு) டிஎச்சிபி அடையாளமாக மேக்கைப் பயன்படுத்தும்படி எழுதுங்கள்.

அறிகுறி: முகவரி, கேட்வே எல்லாம் சரி, இணையம் மட்டும் இல்லை

டிஎச்சிபி தன் வேலையை முடித்துவிட்டது. கேட்வேக்கும், பிறகு 8.8.8.8க்கும் (இணையத்தில் உள்ள கூகுளின் சர்வர்) பிங் செய்யுங்கள். கேட்வே பதில் சொல்லி 8.8.8.8 சொல்லாவிட்டால் இணைய சேவை கொடுப்பவர் பக்கம். இரண்டும் பதில் சொல்லியும் தளங்கள் திறக்காவிட்டால் டிஎன்எஸ்.

எதிலும் பிடிபடவில்லை என்றால்

நெட்வொர்க்கில் போய்வரும் செய்திகளைக் காட்டும் மென்பொருளான வயர்ஷார்க்கை நிறுவி, ஃபில்டரில் 'டிஎச்சிபி' என்று போட்டு, இன்னொரு சாளரத்தில் ரென்யூ கொடுங்கள். 2019இல் வந்த 3.0க்கு முந்தைய பதிப்பாக இருந்தால் 'பூட்பி' என்று போட வேண்டும். இனி ஊகம் தேவையில்லை, நான்கு செய்திகளில் எது வரவில்லை என்று கண்ணால் பார்க்கலாம். டிஸ்கவர் மட்டும் திரும்பத் திரும்பப் போனால், பதில் கொடுப்பவர் இல்லை அல்லது வழியில் தடை. ரவுட்டர், ஸ்விட்ச் பக்கம் போங்கள். டிஸ்கவருக்கு ஆஃபர் வந்தும் கணினி ரிக்வெஸ்ட் அனுப்பாமல் மறுபடி டிஸ்கவரே அனுப்பினால், பதில் கார்டு வரை வந்துவிட்டது, உள்ளே ஃபயர்வாலோ மிஞ்சிய வடிகட்டியோ தடுக்கிறது. ரிக்வெஸ்டுக்கு நேக் என்று மறுப்பு வந்தால், கணினி முன்பு இருந்த நெட்வொர்க்கின் பழைய எண்ணையே கேட்கிறது. வழக்கமாக அடுத்த சுற்றில் டிஸ்கவரிலிருந்து தொடங்கித் தானே சரியாகிவிடும். நேக் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், அதை அனுப்பும் முகவரி உங்கள் ரவுட்டருடையதுதானா என்று பாருங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன இரண்டாவது சர்வரைத் தேடும் வேலை பாக்கி இருக்கிறது.